பைக் சீட் மாற்றப் போகிறீர்களா? கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள்

சென்னையிலிருந்து திருச்சிக்கு 350 சிசி வண்டியில் மாதம் ஒருமுறையாவது போய்வருகிறேன். ஏறக்குறைய 330 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரை ஒன்றும் தெரியாது. மேல்மருவத்தூரில் டீ குடிக்க இறங்கும்போது லேசாக மரத்திருக்கும். திண்டிவனம் தாண்டியதும் ஒரு பக்கமாக நகர்ந்து உட்காருவேன், கொஞ்ச நேரத்தில் இன்னொரு பக்கம். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்ட ஆரம்பித்திருப்பேன். இதற்கு ஒரு வழி செய்யாமல் விடுவதில்லை என்று மூன்று வருடமாக ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். ஆன்லைனில் வாங்கிய ரெடிமேட் சீட், மேலே மாட்டும் வலைத்துணிக் கவர், காற்று குஷன், நண்பரின் வண்டியில் இருந்த கம்பெனி டூரிங் சீட், கடைசியில் என் பழைய சீட்டையே பிரித்துத் திருத்தியது என்று ஐந்து வழிகள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஆபீசுக்குப் போய்வர மட்டும் வண்டி வைத்திருப்பவர் எதையும் மாற்ற வேண்டாம். மாதம் ஒன்றிரண்டு நெடும்பயணம் போகிறவருக்கு, வண்டியோடு வந்த சீட்டை நல்ல கைவேலைக்காரரிடம் கொடுத்துத் தன் உடம்புக்கு ஏற்றபடி திருத்துவதுதான் சிறந்த வழி. நேரமில்லை, அலைய முடியாது என்றால் கம்பெனியே விற்கும் டூரிங் சீட். அழகுக்காக மட்டும் விற்கப்படும் ரெடிமேட் சீட்டைக் கடைசியாக வையுங்கள். ஏன் என்பதற்கு, வலி எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு மர பெஞ்சில் இரண்டு கைகளையும் அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். இடுப்பெலும்பின் கீழ்முனைகள் இரண்டும் உள்ளங்கையில் தட்டுப்படும். உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு முனைகள் வழியாகத்தான் இறங்குகிறது. சீட் ரொம்ப மெத்தென்று இருந்தால் அந்த முனைகள் ஃபோமை அமுக்கிக்கொண்டே உள்ளே போய், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு வரைக்கும் இறங்கிவிடும். அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருப்பது ஃபோமில் இல்லை, தட்டில். சுற்றியுள்ள சதை நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால்தான் மரத்துப்போகிறது. கெட்டியான ஃபோம் அவ்வளவு இறங்காது. அகலமாகவும் இருந்தால் பாரம் தொடைக்கும் பிரிந்து போகும். கடையில் கட்டைவிரலால் அமுக்கி "அட, பஞ்சு மாதிரி இருக்கே" என்று வாங்கும் சீட் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் சரிவு. பல சீட்டுகள் டேங்கை நோக்கிச் சரிந்திருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் நாம் முன்னால் வழுக்கி, கையை ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்போம். மணிக்கட்டு வலி, தோள்பட்டை வலி என்று ஹேண்டில்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை சீட்டின் சரிவில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சீட்டில் கை வைப்பதற்கு முன்னால் செலவில்லாத இரண்டு வேலைகள் உண்டு. டயரில் காற்று சரியாக இருக்கிறதா பாருங்கள். பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் நாட்ச் வைத்திருந்தால், தனியாகப் போகிறவர்கள் இரண்டு நாட்ச் குறைத்துப் பாருங்கள். குழியில் விழும்போது முதுகில் அடிக்கிற அடி இதிலேயே நன்றாகக் குறையும். ஆனால் மரத்துப்போவது இதில் தீராது. அது சீட் வேலை. வலி காலுக்குள் இறங்கிப் போகிறது என்றால் சீட் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

நான் முதலில் வாங்கியது ரெடிமேட். தேன் நிறம், டைமண்ட் தையல், ஓரத்தில் வெள்ளைப் பைப்பிங். படத்தில் பார்த்தபோது மனது நிற்கவில்லை. மாட்டியபோதே பின்பக்கக் கொக்கி சரியாக உட்காரவில்லை, வாஷர் வைத்து இறுக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் வண்டியின் தோற்றமே மாறிவிட்டது, அதை மறுக்க மாட்டேன். தெருவில் இரண்டு பேர் நிறுத்தி விலை கேட்டார்கள். பிரச்சினை ஐப்பசி மழையில்தான் வந்தது. டைமண்ட் தையல் என்றால் உட்காரும் இடம் முழுவதும் ஊசித்துளை. அத்தனை வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே வராது. மழை விட்டு இரண்டாம் நாள், மேலே கையால் தடவினால் காய்ந்திருக்கிறது, உட்கார்ந்ததும் பேன்ட் நனைகிறது. ஆபீஸ் போய்ச் சேரும்போது என்ன நிலைமை என்று நான் சொல்லத் தேவையில்லை. வாடை வேறு. நிறமும் அப்படித்தான். புது ஜீன்ஸின் நீலம் தேன் நிற ரெக்சினில் ஒட்டிக்கொண்டு, உட்காரும் இடம் மட்டும் அழுக்குப் பச்சையாகிவிட்டது. என்ன தேய்த்தும் போகவில்லை.

எல்லா ரெடிமேட் சீட்டும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வகையில் வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தையல் ஓரங்களில் மட்டும் இருக்க வேண்டும், உட்காரும் இடத்தில் இருக்கவே கூடாது. அடித்தட்டு உங்கள் வண்டி மாடலுக்கே, அதிலும் உங்கள் வருடத்து மாடலுக்கே செய்ததா என்று கேளுங்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்ற ஒரே பெயரில் 2009-இல் வந்த வண்டியும் 2021-இல் வந்த வண்டியும் அடிச்சட்டத்திலேயே வேறு வேறு. பெயரை மட்டும் பார்த்து சீட் வாங்கினால் மாட்டாது.

கம்பெனி டூரிங் சீட்டுக்கு வருகிறேன். ராயல் என்ஃபீல்டு தன் பல மாடல்களுக்கு ஷோரூமிலேயே டூரிங் சீட் விற்கிறது. நண்பரின் வண்டியில் அப்படி ஒன்றைப் போட்டு சென்னையிலிருந்து புதுச்சேரி வரை ஓட்டினேன். கொக்கி, பூட்டு எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. தண்ணீர் இறங்கவில்லை. உட்காரும் இடம் அகலம், சரிவு குறைவு. பழைய சீட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். விலை சில ஆயிரம் ரூபாய், கைவேலையைவிட அதிகம்தான். எல்லோருக்கும் பொதுவாகச் செய்த அளவு என்பதுதான் அதன் பலமும் குறையும். சராசரி உயரம், சராசரி எடை உள்ளவருக்கு யோசிக்காமல் பரிந்துரைப்பேன். 55 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே ஃபோம் எப்படிச் சரிவரும்?

மேலே மாட்டுகிற பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வலைத்துணிக் கவர் வெயிலுக்கு நல்லது, காற்றோட்டம் கிடைக்கும், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சீட்டின் உருவத்தை அது மாற்றாது. ஜெல் பேட் என்றால் நம் வெயிலை நினைத்துப் பாருங்கள். ஜெல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதியம் ரெண்டு மணிக்கு வெளியில் நிறுத்திய வண்டியில் ஏறினால் தோசைக்கல்தான். மெமரி ஃபோம் 1966-இல் நாசாவில் விமான இருக்கைகளுக்காக உருவான பொருள். அருமையான பொருள்தான், ஆனால் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். சித்திரை வெயிலில் நின்ற சீட்டில் அது கூழாகிவிடும். மேலே அரை அங்குலம் இருந்தால் சரி, சீட் முழுக்க அதுவே என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

இந்த வரிசையில் நான் மதிப்பது காற்று குஷனை மட்டும். சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்குப் புண் வராமல் இருக்கச் செய்த காற்று மெத்தையின் வழியில் வந்த பொருள் அது. சின்னச் சின்னக் காற்றறைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், பாரம் ஒரே இடத்தில் நிற்காமல் பரவிவிடும். வாங்குகிறவர்கள் செய்யும் தப்பு, பலூன் மாதிரி இறுக ஊதுவது. உட்கார்ந்தபடியே காற்றை மெல்ல விட்டுக்கொண்டே வர வேண்டும், எலும்பு அடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் மூடிவிட வேண்டும். அப்படி வைத்து உளுந்தூர்பேட்டை வரை எழுந்து நிற்காமல் போனேன். ஆனால் வளைவில் வண்டி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று ஒரு மிதப்பு இருக்கும். ஏற்காடு மலைப்பாதைக்கு அதைப் போட மாட்டேன். பார்க்கவும் நன்றாக இருக்காது, கறுப்பாக ஒரு மூட்டையைக் கட்டிவைத்த மாதிரிதான் தெரியும். வருடத்துக்கு ஒரு பெரிய பயணம் போகிறவருக்கு இது போதும். சீட்டையே மாற்ற வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கார்பின், சார்ஜென்ட், மஸ்டாங் என்று சீட்டுக்கென்றே பெயர் பெற்ற கம்பெனிகள் இருக்கின்றன. பெரிய இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்களுக்கு அவை பொருந்தும். அவர்களில் கார்பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் "இவ்வளவு கெட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சீட்டே தொழிலாக இருப்பவர்கள் கெட்டி ஃபோமைத்தான் நம்புகிறார்கள் என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் 350 சிசி வண்டிக்கு அவ்வளவு பணம் போட்டு வரவழைக்கத் தேவையில்லை.

இனி எனக்குப் பிடித்த வழி.

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைப் பக்கம், கோயம்புத்தூரிலும் மதுரையிலும், ஏன், எல்லாத் தாலுகா ஊர்களிலும் சீட் கவர் கடைகள் இருக்கின்றன. அவற்றில் ரெக்சின் மட்டும் மாற்றுகிறவர்கள் அதிகம், ஃபோமை வெட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த இரண்டாவது ஆளைத் தேட வேண்டும். நான் கண்டுபிடித்தவர் ஜி.பி. ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற பாய். அறுபது வயதிருக்கும். "மெத்துனு வேணும் பாய்" என்றேன். சீட்டை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"தம்பி, கையால அமுக்கிப் பாத்து சீட்டு சொல்லக் கூடாது. வண்டி மேல உக்காருங்க. ஒரு டீ சொல்றேன், குடிச்சிட்டு எந்திரிங்க. அப்புறம் சொல்லுங்க எங்க உறுத்துதுன்னு."

ஸ்டாண்டு போட்ட வண்டியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இறங்கியதும் சீட்டில் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டார். நான் எங்கே உட்காருகிறேன் என்பதற்கு அடையாளம். வட்டங்கள் சீட்டின் அகலமான பகுதியில் இல்லை, அதற்கு நாலு விரல் முன்னால் இருந்தன. மூன்று வருடமாக நான் சீட்டின் தப்பான இடத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், சரிவு என்னை அங்கே தள்ளியிருக்கிறது.

அடித்தட்டைச் சுற்றியிருந்த பின்களை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ரெக்சின் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே இருந்த கம்பெனி ஃபோமைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். "இது அச்சுல ஊத்துன ஃபோமு, கடையில கிடைக்கிற ஷீட்டை விட நல்லா இருக்கும்" என்று அதையே வைத்துக்கொண்டார். முன்பக்கம் வழுக்காமல் இருக்க ஆப்பு மாதிரி ஒரு துண்டு ஒட்டினார். வட்டம் போட்ட இரண்டு இடங்களிலும் கொஞ்சம் தோண்டி, ரீபாண்டட் என்கிற கெட்டி ஃபோமை வைத்து ரப்பர் சொல்யூஷன் தடவினார். சொல்யூஷன் தடவியதும் ஒட்டவில்லை, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை காத்திருந்தார். பிறகு கிரைண்டரில் உப்புத்தாள் சக்கரம் மாட்டி, கையால் தடவித் தடவி இழைத்தார். ஃபோம் தூள் பறந்து அவர் புருவமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே அரை அங்குலம் மெல்லிய ஃபோம், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட், கடைசியில் ரெக்சின். ரெக்சினை மாட்டுவதற்கு முன்னால் கால் மணி நேரம் வெயிலில் போட்டார். சூட்டில் இளகினால்தான் இழுத்துப் பின் அடிக்க வரும், ஆறியதும் அதுவே இறுகிச் சுருக்கமில்லாமல் நிற்கும்.

எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் கொடுத்தேன். மறுவாரம் திருச்சி போனேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் எழுந்து நிற்க நினைவே வரவில்லை.

ஃபோம் பற்றிப் பேசும்போது கடையில் "32 டென்சிட்டியா, 40-ஆ" என்று கேட்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். எண் கூடினால் சீக்கிரம் தட்டையாகாது. கெட்டி என்பது வேறு கணக்கு, அதை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் இவற்றைவிட ரொம்பக் கனமானது. சீட் முழுக்க அதைப் போட்டால் பலகைதான், எலும்பு இறங்கும் இடத்துக்கு அடியில் மட்டும் போட்டால் நல்ல தாங்கல்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மி.மீ., ஹன்டரில் 790, மீட்டியரில் 765. உயரமானவர்கள் ஒரு அங்குலம் ஏற்றினால் முழங்கால் மடங்குவது குறைந்து நிம்மதியாக இருக்கும். கால் எட்டவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஃபோமைக் குறைக்கச் சொல்கிறார்கள், அது வேண்டாம். உட்காரும் இடத்தில் இருக்கிற கொஞ்ச ஃபோமும் போய்விடும். அதற்குப் பதில் டேங்க் பக்கம் இருக்கும் சீட்டின் மூக்கை இரண்டு பக்கமும் இழைத்து ஒடுக்கச் சொல்லுங்கள். தொடை விரியாமல் கால் நேராக இறங்கும், உயரம் குறைந்த மாதிரியே இருக்கும்.

அழகைப் பற்றிப் பேசாமல் விட்டால் தப்பு. சீட் வண்டியின் நடுவில் இருக்கிற பொருள், டேங்கின் கோடு முடிகிற இடத்தில் அது தொடங்க வேண்டும். நல்ல சீட் என்றால் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது அந்தக் கோடு உடையாமல் பின் மட்கார்டு வரை ஓட வேண்டும். டூரிங் சீட் சில வண்டிகளில் இந்தக் கோட்டை உடைத்துவிடுகிறது, சோபா வைத்த மாதிரி தெரியும். கைவேலையில் இதைப் பக்கத்தில் நின்று சொல்லித் திருத்தலாம். நிறத்துக்கு என் தேர்வு அடர் பழுப்பு. கறுப்பு அளவுக்குச் சுடாது, தேன் நிறம் அளவுக்குக் கறை காட்டாது. அசல் தோல் கேட்கிறவர்கள் உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் நம் பக்கத்திலேயே இருக்க ஆசை வருவது இயற்கைதான். வண்டி மூடிய இடத்தில் நிற்குமானால் போடலாம். தெருவில் வெயிலும் மழையும் மாறி மாறி வாங்கும் வண்டிக்குத் தோல் வெடித்துவிடும். நல்ல ரெக்சினே போதும்.

பின்னால் உட்காருகிறவரைப் பெரும்பாலான சீட் விளம்பரங்கள் மறந்தேவிடுகின்றன. அம்மா புடவையில் ஒருக்களித்துத்தான் உட்காருவார். நான் வாங்கிய ரெடிமேட் சீட்டின் பின்பகுதி உருண்டையாக மேலேறி இருந்தது, பார்க்க ரேஸ் பைக் மாதிரி. பட்டுப்புடவையோடு கல்யாணத்துக்குக் கிளம்பி, முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே அம்மா வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோ. பின்சீட் தட்டையாக, அகலமாக, சொரசொரப்பான ரெக்சினில் இருக்க வேண்டும். அழகுக்காகப் பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் கட்டாயம் என்கிறது. புடவை சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊரில் இதைச் சட்டத்துக்காக மட்டும் செய்ய வேண்டியதில்லை.

கடையிலிருந்து வண்டியை எடுப்பதற்கு முன்னால் சீட்டைப் பூட்டித் திறந்து பாருங்கள், பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். அடித்தட்டைத் திருப்பி, பின்கள் நெருக்கமாக அடித்திருக்கிறதா, ஏதாவது ஒன்று வயரை உரசுகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். வேலைக்குக் கொடுக்கும்போதே உங்கள் அடித்தட்டும் கம்பெனி ஃபோமும் உங்களுக்கே திரும்பி வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

என் வண்டியில் முன்சீட் மட்டும்தான் முடிந்திருக்கிறது. பின்சீட்டையும் சேர்த்துச் செய்துவிடலாமே என்று பாயிடம் அன்றே கேட்டேன். "உக்காரப் போறவங்க வரட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.